சைலேஷ் போஸை ஏன் எடுக்கவில்லை?

கால்பந்து கிளப்புகள் பிறந்த கதைகள் பொதுவாக உப்புச்சப்பில்லாதவை. மான்செஸ்டர் யுனைடெட்டை ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கினார்கள். ஆர்சனலைத் தொடங்கியவர்கள் ஆயுத ஆலைக்காரர்கள். வேலை முடிந்தது, பொழுது போகவில்லை, பந்தை உதைத்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் சரித்திரம். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கிளப் பிறந்ததோ ஒரு ஆளை டீமில் எடுக்காமல் விட்டதால்.

1920 ஜூலை 28. கூச் பிஹார் கோப்பை. மோகன் பகானை எதிர்த்து ஜோராபாகான் கிளப் ஆட வேண்டும். அணியில் சைலேஷ் போஸ் என்கிற ஹாஃப் பேக்கின் பெயரைக் காணோம். காரணம் சொல்லவில்லை. கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி போய்க் கேட்டார். பதில் இல்லை. கிழக்கு வங்காளத்துக்காரன் என்றால் இவர்களுக்கு இளக்காரம் என்ற பேச்சு ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. சௌத்ரியும் அந்தப் பக்கத்து ஜமீன்தார். வேறு ஊராக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மறந்திருப்பார்கள். சௌத்ரி ராஜினாமா செய்தார், கூட்டாளிகளைச் சேர்த்தார், ஆகஸ்ட் 1ஆம் தேதி புதிய கிளப்பைத் தொடங்கிவிட்டார். நடுவில் நாலே நாள். குழாய்க்கு ஒரு வாஷர் மாற்ற இந்த ஊரில் அதைவிட அதிக நாள் ஆகும்.

நூறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அன்றைக்கு ஆடிய பதினொரு பேர் யார் என்று இந்த ஊர்த் திண்ணைகளில் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். ஆடாத ஒரு ஆளின் பெயர் மட்டும் குழந்தைக்கும் தெரியும். கல்கத்தாவில் கால்பந்து பேசுகிறவனுக்கு முதல் பாடம் இதுதான்: எடுக்கப்பட்டவன் எப்போதும் சுமார், எடுக்கப்படாதவன்தான் மேதை. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு இந்திய அணித் தேர்வின் சரித்திரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால் பல மர்மங்கள் விலகும். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழன் என்ற முறையில் எனக்கு இதில் நடுநிலை உண்டு. ஹில்சா சாப்பிட்டால் ஈஸ்ட் பெங்கால், இறால் சாப்பிட்டால் மோகன் பகான் என்பது ஊர்க் கணக்கு. நான் வத்தக்குழம்பு.

முதலில் ஊரின் மனநிலையைச் சொல்லிவிட வேண்டும். 1893இல் இங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயர் இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன். பெயரில் முழு இந்தியா, கையில் வங்காளம். இன்றைக்கும் அது மேற்கு வங்காளத்தின் மாநிலச் சங்கம்தான், இன்றைக்கும் பெயர் அதேதான். மற்ற மாகாணங்கள் எல்லாம் சேர்ந்து 1937 ஜூன் 23 அன்று சிம்லாவில் ராணுவத் தலைமையகத்தில் உட்கார்ந்து தேசத்துக்கு என்று ஒரு சம்மேளனம் உண்டாக்கியபோது ‘அகில’ என்று ஒரு சொல்லை முன்னால் ஒட்டவைக்க வேண்டியதாயிற்று. ‘இந்தியா’வைக் கல்கத்தா முன்பதிவு செய்து 44 வருஷம் ஆகியிருந்தது.

இந்தத் திமிருக்கு ஒரு நியாயமும் உண்டு. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று சாய்த்தது. பதினொரு பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். வெள்ளைக்காரச் சிப்பாயை வெறுங்காலால் ஜெயித்த ஊருக்கு அதன்பின் அறிவுரை சொல்ல யாரால் முடியும்? அந்தப் பத்துப் பேரின் பாதங்கள் அடுத்த நாற்பது வருஷம் இந்தியக் கால்பந்தை ஆண்டன.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸுக்குப் போன அணியை எடுத்துக்கொள்வோம். கேப்டன் டாலிமெரென் ஆவ். நாகர், கல்கத்தாவில் மருத்துவம் படித்தவர், மோகன் பகான் ஆட்டக்காரர். இந்த ஊர்த் திண்ணைகள் அவரைத் தங்கள் ஆளாகவே கணக்கு வைத்திருந்தன. மீதிப் பட்டியலைப் படித்தால் நமக்குச் சந்தேகம் வரும், இது லண்டன் போகிற டீமா, கல்யாண வீட்டு மொய் நோட்டா என்று: வரதராஜ், ராமன், தன்ராஜ், வஜ்ரவேலு. ஜூலை 31 அன்று இல்ஃபர்டில் பிரான்ஸோடு ஆட்டம். பெரும்பாலோர் வெறுங்கால். இந்தியா 1-2 என்று தோற்றது. பிரான்ஸ் ஜெயித்த கோல் கடைசி நிமிடங்களில் விழுந்தது. இந்தியாவுக்கு அன்று இரண்டு பெனால்டி கிடைத்தது. ஒன்றை சைலேன் மன்னா விட்டார், இன்னொன்றை மஹாவீர் பிரசாத் விட்டார். ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். பெனால்டியை அவரிடம் கொடுக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை என்பது எங்கள் தெருவின் நீண்ட நாள் வருத்தம். எங்கள் தெருவில் அப்போது நாங்கள் யாரும் பிறக்கவில்லை. அதனால் வருத்தம் குறைந்துவிடுமா?

அடுத்து 1950. இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

பிரேசிலில் உலகக் கோப்பை. தகுதிச் சுற்றில் இந்தியாவின் குழுவில் பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ். மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒரு பந்தைக்கூட உதைக்காமல் இந்தியா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. சும்மா இருப்பதே சுகம் என்று நம் சித்தர்கள் சொன்னதற்கு விளையாட்டில் கிடைத்த ஒரே நிரூபணம் இது. குழுவும் பிரித்தாயிற்று: ஸ்வீடன், இத்தாலி, பராகுவே, இந்தியா. பயணச் செலவில் பெரும்பங்கை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று பிரேசில் சொன்னது. பெண் வீட்டார் இவ்வளவு இறங்கி வந்தும் மாப்பிள்ளை வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டால் ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது, பூட்ஸ் போட வேண்டும் என்றார்களாம், நாங்கள் மாட்டோம் என்றோமாம், சுயமரியாதையோடு வீட்டிலேயே இருந்துவிட்டோமாம். கேட்க நன்றாக இருக்கிறது. காந்தியின் செருப்பு, நேதாஜியின் தொப்பி, மோகன் பகானின் வெறுங்கால் என்று வரிசையில் வைக்கத் தோதான கதை. ஆனால் சம்மேளனம் அப்போது சொன்ன காரணங்களில் இரண்டு: பயிற்சிக்குப் போதிய நேரமில்லை, அணித் தேர்வில் கருத்து வேறுபாடு. கேப்டனாகப் போயிருக்க வேண்டிய சைலேன் மன்னாவே பின்னாளில் சொன்னது, அன்றைக்கு எங்களுக்கு ஒலிம்பிக்ஸ்தான் பெரிது, உலகக் கோப்பை என்பதை யாரும் அவ்வளவாக மதிக்கவில்லை என்று.

அந்த இரண்டாவது காரணத்தைத்தான் நான் மடியில் கட்டிக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் எத்தனையோ நாடுகள் பணமில்லாமல், போரால், கலகத்தால் உலகக் கோப்பைக்குப் போகாமல் இருந்திருக்கின்றன. லெஃப்ட் விங்குக்கு யார் என்று முடிவு பண்ண முடியாமல் போகாமல் இருந்தது நாம்தான். அந்தக் கூட்டம் எப்படி நடந்திருக்கும் என்று பல ராத்திரி கற்பனை செய்திருக்கிறேன்.

“எங்க ஆளு ஆறு பேரு இல்லாம கப்பல் நகராது” என்கிறது வங்காளம்.

“எங்க ஆளு நாலு பேருக்குக் குறைஞ்சா நாங்க நிஜாம் காலத்துக்கே திரும்பிப் போயிடுவோம்” என்கிறது ஹைதராபாத்.

“ரெண்டு பேர் போதும், ஆனா அந்த ரெண்டு பேரும் ஃபார்வர்டு” என்கிறது மைசூர்.

பம்பாய் மட்டும் பிரயாணப்படி பற்றிக் கேட்கிறது. மெட்ராஸ் கைதூக்குகிறது, யாரும் பார்க்கவில்லை. பதினோராவது இடத்துக்கு விவாதம் வரும்போது சாயங்காலம் ஆகிவிடுகிறது. “போகவே வேண்டாம்” என்று யாரோ சொல்ல, அன்றைக்கு முதன்முறையாக எல்லாரும் ஒரே குரலில் ஆமோதிக்கிறார்கள்.

கிளப் விஷயத்தில் சௌத்ரி ஒரு ஆளை எடுக்கவில்லை என்று இன்னொரு கிளப் தொடங்கினார். தேசத்தின் விஷயத்தில் அப்படி இன்னொரு தேசம் தொடங்க முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்புதான் ஒன்று தொடங்கி, கைவசம் இருந்த கோடு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. ஆகவே பதினொரு பேரையும் விட்டுவிட்டார்கள். கல்கத்தா விதிப்படி பார்த்தால் 1950இன் இந்திய அணிதான் உலகத்திலேயே தலைசிறந்தது. யாருமே எடுக்கப்படவில்லை. யாருமே தோற்கவுமில்லை.

இந்த ரகளையின் நடுவே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்து சேர்ந்தார். ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை வைத்துக்கொண்டு 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வாங்கிய மனிதர். தேசிய அணியின் பயிற்சியாளர் ஆனதும் 1951இல் தில்லியில் முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம். இறுதியாட்டத்தில் ஈரானை 1-0. அடித்தவர் மேவாலால், கேப்டன் மன்னா. கல்கத்தாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம், இரண்டு பேரும் தங்கள் ஆட்கள் என்பதால். மறு வருஷம் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா 10-1 என்று துவைத்தது. உடனே ரஹீம் யார், எந்த ஊர், எதற்கு இத்தனை ஹைதராபாத்காரர்கள் என்று விசாரணை. அந்தப் பத்து கோலில் ஊரே கண்டுபிடித்த ஒரே நல்ல விஷயம், இனிமேல் பூட்ஸ் போட்டுத்தான் ஆட வேண்டும் என்று சம்மேளனம் முடிவெடுத்தது. 1911இன் பாதங்களுக்கு ஒருவழியாக ஓய்வு கிடைத்தது.

ஹைதராபாத்காரர்களைப் பற்றிப் புலம்பிய அதே கல்கத்தாவில்தான் வேடிக்கை. கிழக்கு வங்காளத்தின் மானம், அகதிகளின் கொடி என்று தலையில் தூக்கி வைத்து ஆடிய ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசை யார்? வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ‘பஞ்ச பாண்டவர்’ என்று இன்றும் கும்பிடுகிறார்கள். ஐந்து பேரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். 1949இல் லீக், ஷீல்டு, ரோவர்ஸ் மூன்றையும் இந்தக் கூட்டம்தான் அள்ளியது. பத்மா நதியை ஒரு தடவையாவது பார்த்தவர் அவர்களில் யாரும் இருந்திருப்பார்களா என்பதே சந்தேகம். தெற்கத்தியான் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் ஆடினால் பாண்டவன். ரஹீம் எடுத்து இந்தியச் சட்டை போட்டால் சிபாரிசு.

மோகன் பகானும் சளைத்ததல்ல. அதன் கோட்டைச் சுவர் என்று கொண்டாடப்பட்ட கோஷ்டோ பால் பிறந்தது ஃபரித்பூரில், அதாவது கிழக்கே. சுனி கோஸ்வாமி பிறந்தது கிஷோர்கஞ்சில், அதுவும் கிழக்கே. இரண்டு பேரும் சாகும்வரை மோகன் பகான். இந்தத் தகவலை மைதானத்துக் கிளப் கூடாரம் ஒன்றின் கேண்டீனில், சிக்கன் ஸ்டூவில் டோஸ்ட்டை முக்கிக்கொண்டிருந்த ஒரு மோகன் பகான் தாத்தாவிடம் பணிவோடு எடுத்துச் சொன்னேன். டோஸ்ட் பாதி வழியில் நின்றது. “நீ மதராஸி. உனக்கு இதெல்லாம் புரியாது, தம்பி” என்றார். பிறகு மனம் இளகி, “கோஷ்டோ பால் பிறந்தப்போ அங்கே பாகிஸ்தான் இல்லையே” என்று சேர்த்துக்கொண்டார். மேலே நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஸ்டூவுக்குப் பணம் கொடுத்தது நான்தான்.

சரி, ரஹீமுக்கு வருவோம். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: பிடித்த ஆளை எங்கிருந்தாவது கொண்டுவந்துவிடுவார். துளசிதாஸ் பலராம், செகந்தராபாத்துக்குப் பக்கத்தில் அம்முகூடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பையன். பயிற்சிக்கு வர வண்டிச்சத்தம் இல்லை. ரஹீம் சைக்கிள் வாடகைக்குக் காசு கொடுத்து வரவழைத்தார் என்பார்கள். அந்தச் சைக்கிள் வாடகைக்கு ஈடாக இந்தியாவுக்குக் கிடைத்தது 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோல், பெருவுக்கு எதிராக ஒரு கோல். பலராமைப் பிற்பாடு கல்கத்தாவே தத்தெடுத்துக்கொண்டது. கடைசிவரை உத்தரபாராவில் இருந்தார், 2023இல்தான் போனார்.

நடுவில் 1956 மெல்போர்ன். ஹங்கேரி வராததால் முதல் சுற்று இலவசம், அடுத்ததில் ஆஸ்திரேலியாவை 4-2, அதில் பம்பாயில் ஆடிக்கொண்டிருந்த நெவில் டிசௌஸா மூன்று கோல். நாலாம் இடம். கேப்டன் மோகன் பகானின் பத்ரு பானர்ஜி என்பதால் கல்கத்தாவில் அது கல்கத்தாவின் நாலாம் இடம்.

இனி 1962 ஜகார்த்தா. அணித் தேர்வு பற்றிக் கருத்து வைத்திருக்கும் ஒவ்வொரு ரசிகனும் பூஜையறையில் மாட்டி வைக்க வேண்டிய ஆட்டம் இது. மாட்டி வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டாவதை யாரும் செய்வதில்லை.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்த ஆட்டத்தில் தடுப்பாட்டத் தூண் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜுக்குக் காய்ச்சல். நம் வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டில் வளர்ந்த, பனைமர உயரத்து தங்கராஜ். த்ரிலோக் சிங்குக்குக் கால் விரலில் அடி. வெளியே ஊரே எதிரி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததைப் பற்றி இந்திய அதிகாரி சோந்தி எதையோ சொல்லிவைக்க, ஜகார்த்தாக்காரர்கள் இந்தியன் என்றால் கல்லெடுக்கும் நிலை. ஜர்னைலின் தலைப்பாகையைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவரைப் பேருந்தில் கீழே உட்காரவைத்துக் கூட்டிப்போனதாகச் சொல்வார்கள்.

இப்போது ரஹீம் அணி அமைக்கிறார். தையல் போட்ட தலையோடு இருக்கும் டிஃபெண்டரை என்ன செய்வோம் நாம்? பெஞ்சில் உட்காரவைத்து மோர் கொடுப்போம். ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். தலையில் அடிபட்ட ஆளை, பந்தைத் தலையால் முட்ட வேண்டிய இடத்தில்! அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2. ஜர்னைல் ஒரு கோல். இறுதியாட்டத்துக்கு இன்னும் ஒரு கூத்து. தங்கராஜுக்குப் பதில் நின்ற பிரத்யுத் பர்மன் நன்றாகத்தான் ஆடியிருந்தார், வங்காளிப் பையன் வேறு. கொரியர்கள் உயரமாகப் பந்து போடுவார்கள் என்று கணக்குப் போட்டு, அவரை உட்காரவைத்துவிட்டு காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜை நிறுத்தினார் ரஹீம்.

இந்தப் பட்டியல் அன்று காலை கல்கத்தா திண்ணைகளுக்குத் தெரிந்திருந்தால் மூன்று புதிய கிளப்புகள் உண்டாகியிருக்கும். நல்ல வேளை, செல்போன் இல்லாத காலம். செப்டம்பர் 4. எதிரே லட்சம் பேர் ஊளையிட, முதல் இருபது நிமிடத்துக்குள் பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. கொரியா கடைசியில் ஒன்றைத் திருப்பியது, அதோடு சரி. 2-1. தங்கம். ஆட்டத்தில் இந்தியாவுக்காகக் கத்திய கூட்டம் என்று பார்த்தால் பாகிஸ்தான் ஹாக்கி அணிதானாம்.

கேப்டன் சுனி மோகன் பகான், பலராம் ஈஸ்ட் பெங்கால், பி.கே. ஈஸ்டர்ன் ரயில்வே. பி.கே. பெரிய கிளப் மூன்றில் எதற்குமே ஆடாதவர் என்பது ஊருக்கு இன்றுவரை தீராத சங்கடம். அவரை முழுசாகக் கொண்டாடவும் முடியவில்லை, முழுசாகத் திட்டவும் முடியவில்லை. ரயில்வேக்கு எதிராகக் கோஷம் போட்டால் டிக்கெட் பரிசோதகருக்குத்தான் கோபம் வரும்.

மறு வருஷம் ஜூன் 11 அன்று ரஹீம் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். ஜகார்த்தாவிலேயே நோய் உள்ளே இருந்தது. அதற்குப்பின் இந்தியா ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் வாங்கியதில்லை. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 பாங்காக்கில் வெண்கலம். 1984இல் சால்ட் லேக் மைதானம் திறந்த சமயத்தில் நேரு கோப்பைக்கு வந்த அர்ஜென்டினாவிடம் ஒரே கோலில் தோற்றதை இன்றைக்கும் வெற்றியாகச் சொல்கிறார்கள். 1996 பிப்ரவரியில் உலகத் தரவரிசையில் 94. 2015 மார்ச்சில் 173. இந்த ஐம்பது, அறுபது வருஷத்தை நான் வேகமாகக் கடப்பதற்குக் காரணம், ஆட்டக்காரர்களும் அதை அவ்வளவு வேகமாகத்தான் கடந்தார்கள் என்று சொல்ல முடியாததுதான். மெதுவாகத்தான் ஓடினார்கள்.

2022க்கு வருவோம். ஜூன் 11, ரஹீம் இறந்து சரியாக 59 வருஷம். அதே சால்ட் லேக். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆப்கானிஸ்தானோடு ஆட்டம். பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாட்ச், 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் வந்த குரோஷிய அணியில் ஆடியவர். 2023 செப்டம்பரில் ஒரு ஆங்கில நாளிதழ் போட்ட செய்தி என்னவென்றால், ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவர் வீரர்கள் பட்டியலைத் தில்லிப் பக்கம் ஒரு ஜோதிடருக்கு அனுப்பிவைத்தார். ஜோதிடரும் பெயர் பெயராகப் பலன் எழுதித் திருப்பினார். ஒருவருக்கு நல்ல நாள். ஒருவர் மிதமிஞ்சிய நம்பிக்கையைத் தவிர்க்க வேண்டும். ஒருவருக்குச் சராசரிக்கும் கீழ். ஒருவர் அன்றைக்கு வேண்டவே வேண்டாம். அறிமுகம் செய்துவைத்தவர் சம்மேளனத்தின் அன்றைய பொதுச் செயலாளர். கட்டணமாகப் போனது 12 முதல் 15 லட்சம் ரூபாய் என்றும் அந்தச் செய்தி சொன்னது.

நாடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதே இன்று யாருக்குச் சந்திராஷ்டமம் என்று பார்க்கிற சாதி நாம். சென்டர் பேக்குக்குச் சந்திராஷ்டமம் என்றால் பின்கட்டில் யார் பதில் சொல்வது? என் ஆட்சேபம் கட்டணத்தில்தான். வைத்தீஸ்வரன் கோவிலில் கட்டைவிரல் ரேகையைக் கொடுத்தால் கோல்கீப்பரின் பூர்வ ஜன்மம்வரை குறைந்த விலையில் முடித்திருப்பார்கள். மற்றபடி 1937க்குப் பிறகு நம் அணித் தேர்வில் வங்காளம், ஹைதராபாத், கோவா, பஞ்சாப் என்று எந்தப் பாகுபாடும் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட முதல் தேர்வாளர் சனி பகவான்தான். அன்று கிழமையும் சனி. ராகு காலம் காலை 9 முதல் 10:30, ஆட்டமோ இரவு. எல்லாம் பொருந்தி வந்தது.

ஆட்டம் முடிய நாலைந்து நிமிடம் இருக்கும்போது சுனில் செத்ரி ஃப்ரீ கிக்கில் ஒன்று போட்டார். இரண்டு நிமிடத்தில் ஆப்கானிஸ்தான் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் சஹல் அப்துல் சமத் அடித்து 2-1 ஆக்கினார். சஹல் மாற்று ஆட்டக்காரராகக் கடைசி நிமிடங்களில் இறங்கியவர். கிரகங்கள் உட்கார்ந்து பார்த்த முதல் பதினொருவரில் அவர் இல்லை. சுரேஷ் சந்திர சௌத்ரி மேலேயிருந்து மீசையை முறுக்கியிருப்பார்.

2025இல் காட்சிகள் இன்னும் சுருக்கு. கொல்கத்தாவிலேயே கண்ணீரோடு வழியனுப்பிய செத்ரி, 2024 ஜூனுக்குப் பிறகு ஒரு வருஷம்கூட ஆவதற்குள் ஓய்விலிருந்து திரும்பினார். கிளப்பையும் தேசத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்த மனோலோ மார்க்கெஸ் விலகினார். பயிற்சியாளர் வேலைக்கு வந்த மனுக்களில் பார்சிலோனாவின் சாவி பெயரும் இருக்கிறதென்று பரபரத்தது. சம்பளம் கட்டுப்படியாகாது என்று அவரை ஒதுக்கிவிட்டதாகச் செய்தி. பிறகு பார்த்தால் மின்னஞ்சலே போலி. கூடவே வந்திருந்த குவார்டியோலா மனுவும் போலி. விண்ணப்பிக்காத ஒரு மனிதரை நிராகரித்த பெருமை உலகத்தில் வேறெந்தச் சம்மேளனத்துக்கு உண்டு?

காலித் ஜமீல் வந்தார். முதல் போட்டி மத்திய ஆசியாவில், சி.ஏ.எஃப்.ஏ. நேஷன்ஸ் கோப்பை. ஃபிஃபா குறித்த தேதி இல்லை, காயம்பட்டால் யார் பார்ப்பது என்று சொல்லி மோகன் பகான் தன் ஆட்டக்காரர்களை அனுப்ப மறுத்தது. ஊரே உதட்டைப் பிதுக்கியது, எங்கள் ஆள் இல்லாமல் எங்கே உருப்படப்போகிறது என்று. ஓமானை பெனால்டியில் ஜெயித்து மூன்றாம் இடம். அடுத்த மாதம் மோகன் பகான்காரர்களும் திரும்பினார்கள். மார்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பைக் கனவு முடிந்தது. இதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்க நான் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

இவ்வளவு பேசிவிட்டு என் அணியைச் சொல்லாமல் விட்டால் ரசிகன் என்று மதிக்க மாட்டார்கள். சொல்கிறேன். எல்லாக் காலத்துக்குமான இந்தியா: கோலில் தங்கராஜ், விவாதமே கிடையாது. பின்கட்டில் சைலேன் மன்னா, ஜர்னைல் சிங், அருண் கோஷ். மன்னாவை பெனால்டி பக்கம் விடக்கூடாது. நடுவில் டாக்டர் ஆவ். யாருக்காவது அடிபட்டால் தனியாக வைத்தியர் தேட வேண்டாம். அவருக்குத் துணையாக ராம் பகதூர். பி.கே. வலது பக்கம். உள்ளே சுனியும் பலராமும். நடுமுனையில் செத்ரி; செகந்தராபாத்தில் பிறந்தவர் என்பதால் ஹைதராபாத் கோட்டா, மோகன் பகானின் சுப்ரதா பட்டாச்சார்யாவின் மாப்பிள்ளை என்பதால் கல்கத்தா கோட்டா, ஆக ஒரே இடத்தில் இரண்டு சண்டை மிச்சம்.

மிச்சமிருக்கும் விங்குக்கு அருமைநாயகம். மோகன் பகானில் ஆடியவர், ஜகார்த்தாவுக்குப் போன அணியில் இருந்தவர். மேவாலாலையும் நெவில் டிசௌஸாவையும் பைச்சுங் பூட்டியாவையும் விட்டுவிட்டு அருமைநாயகமா என்று கேட்பீர்கள். அவர்கள் மூவரும் சென்டர் ஃபார்வர்டு, இது விங், தொழில்நுட்பக் காரணம். தமிழ்ப் பெயர் என்பதற்காக எடுத்தேன் என்று சொல்வது அபாண்டம். மாற்று ஆட்டக்காரர்கள்: வரதராஜ், ராமன், தன்ராஜ், வஜ்ரவேலு, எத்திராஜ்.